எஞ்சின் மாற்றிய ஜீப்பும் என் பச்சைப் பொம்மைகளும்

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார்கள். ‘கிண்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் உள்ளே எங்கேயோ கீறல். என் வீட்டுக்காரர் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை எரிக்கிறவர் என்பதால் அவருக்கு இந்த நோய் முற்றிப் போயிருந்தது. தேங்காயை எல்லோரும்தான் தட்டுவார்கள். அவர் கதவைத் தட்டுவார், கட்டிலைத் தட்டுவார், கடையில் செருப்பு வாங்கப் போனால் செருப்பைத் தட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காப்பி டம்ளரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார் என்று என் அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அது எவர்சில்வர் டம்ளர்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு ஜீப்பு வாங்கினார். தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்.

ஜீப்பு வாங்குகிற அளவுக்கு எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் என் பொம்மைகளால் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு பியூஸ் கேரியர் கம்பெனியில் பிசிறு தட்டுகிற வேலை பார்த்தேன். அச்சிலிருந்து வந்த, இன்னும் சுடாத பச்சைத் துண்டை எடு, ஓரத்தைச் சுரண்டு, ஈரப் பஞ்சால் துடை, வை. அடுத்ததை எடு. நாள் முழுக்க இதேதான். கனவில்கூட வெள்ளைத் துண்டுகள் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிச்சம் கிடக்கும் களிமண்ணில் நான் பொம்மை செய்வேன். கிளி, யானை, முறம் பிடித்த பொம்பளை, பஞ்சாயத்துப் பேசுகிற ஆம்பளைகள். அதைப் பார்த்துத்தான் யாரோ சொல்லி, பாண்டிச்சேரியில் கொலு பொம்மைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் போய் நின்றேன். அந்தம்மா என் பொம்மைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கை நல்லா இருக்குது. கொலுவுக்கு முன்னாடி ஒரு முழு செட்டு கொண்டாங்க. ஒடையாம, கோணாம வந்துச்சுன்னா வருஷா வருஷம் உங்ககிட்டயே எடுத்துக்கறேன்” என்றார்.

வீட்டில் பேசினோம். பேசினோம் என்றால், நான் பேசினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: “சரி. கம்பெனிய வுட்டு நின்னுக்க. இந்தக் கொலுவுக்குப் பொம்மை போய்ச் சேந்துச்சுன்னா நீ பொம்மையே பண்ணு. சேரலன்னா திரும்பக் கம்பெனிக்குப் போயிடணும். அப்பறம் அழுவக் கூடாது.”

“அழுவறவ மூஞ்சியா இது?” என்றேன். ஆனால் திரும்பவும் அந்தப் பிசிறு தட்டுகிற வேலைக்குப் போவதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

எங்கள் வீடு கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் இருந்தது. வீட்டுப் பின்னால் கொட்டகை போட்டு அச்சு வைத்து வேலை தொடங்கினேன். சுடுவதற்கு மட்டும் விருத்தாசலத்தில் இருக்கும் பொதுச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் சிக்கல். சுடாத பொம்மை, அதாவது பச்சைப் பொம்மை, காய்ந்த பிறகு அப்பளம் மாதிரி. கொஞ்சம் அதிர்ந்தாலும் போச்சு. ஒன்றிரண்டு என்றால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்விடுவேன். கண்டக்டர், “யம்மா, புள்ளைக்கு டிக்கெட் எடுத்தியா?” என்று கிண்டல் செய்வார். முழு செட்டை மடியில் வைக்க நான் என்ன அம்மன் சிலையா? டெம்போக்காரர்களைக் கேட்டால், எங்கள் வண்டிப்பாதையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கரும்பு டிராக்டர் போய்ப் போய் அது பாதையாகவே இல்லை. மழை பெய்துவிட்டால் களி மண் காலைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் திருப்பித் தராது.

“நாலு சக்கரமும் இழுக்கற வண்டி ஒண்ணு இருந்தா பாதையாவது ஒண்ணாவது!” என்று ஒருநாள் என் வீட்டுக்காரர் சொன்னார். சொன்ன வாரத்திலேயே மங்கலம்பேட்டையில் ஒரு பாய் ஜீப்பு விற்கிறார் என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார். ஆம்பளைகளுக்கு வண்டி ஆசை வந்துவிட்டால் சேதி தானாகவே தேடிக்கொண்டு வரும் போலிருக்கிறது.

நானும் கூடப் போனேன். பாய் வளைகுடாவில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். அங்கே பாலைவன மணலில் ஏறி இறங்கி ஓட்டிய ருசி, ஊருக்கு வந்தும் விடவில்லை. பட்டாளத்து ஏலத்தில் போன ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பைத் தேடி வாங்கி, பெட்ரோல் குடிக்கிற குடி தாங்காமல் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய வேனின் டீசல் எஞ்சினை உள்ளே உட்கார வைத்திருந்தார். ஜீப்பு பச்சை நிறத்தில் கம்பீரமாகத்தான் நின்றது. பானெட் மட்டும் முழுசாக மூடவில்லை. புது எஞ்சின் உயரம் என்பதால் லேசாக வாயைத் திறந்தபடி இருந்தது.

அந்த பாய் மாதிரி நேர்மையான மனுஷனை நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் சொல்லுவேன். விற்கிறவர் யாராவது இப்படிப் பேசுவார்களா?

“தம்பி, எல்லாத்தையும் சொல்லிடறேன். அப்பறம் பாய் சொல்லலன்னு சொல்லக் கூடாது. ஆர்.சி. புக்குல பெட்ரோல்னுதான் இருக்குது, நம்பரும் பழைய எஞ்சின் நம்பரு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி மாத்தி எழுதணும், நான் அலைஞ்சு பாத்துட்டு வுட்டுட்டேன். அது வரைக்கும் இன்சூரன்சுன்னு எதுவும் நிக்காது. ரேடியேட்டரு பழசு, சின்னது, இந்த எஞ்சின் சூட்டுக்குத் தாங்காது. எல்லாத்துக்கும் மேல, எஞ்சினத் தாங்கற பட்டை இந்த எஞ்சினுக்குச் செஞ்சது இல்ல. வெல்டிங் வெச்சு ஒப்பேத்தி இருக்குது. அதிர்வு கொஞ்சம் ஜாஸ்தி.”

இவ்வளவையும் பாய் சொல்லிக்கொண்டிருக்க, நம்ம ஆள் எங்கே? ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்து டங் டங் என்று சத்தம் வந்தது. முதலில் சட்டத்தைத் தட்டினார். பிறகு வெளியே வந்து கதவு, மட்கார்டு, பம்பர் என்று ஒரு இடம் விடாமல் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கடைசியில் எஞ்சின் மேலேயே ஒரு தட்டு.

“கிண்ணுனு இருக்குது! எங்கயும் கீறல் இல்ல” என்றார், முகமெல்லாம் பல்.

நான் அவர் கையைக் கிள்ளினேன். “என்னாங்க, அவர் சொன்னது காதுல வுழுந்துச்சா? அதிர்வு ஜாஸ்தியாம்.”

“அட, ஜீப்புன்னா அதிரத்தான் செய்யும். பல்லக்கா வாங்க வந்திருக்கோம்? நீ சும்மா இரு.”

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். “தங்கச்சி, நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்” என்றார். பாவம், அவர் என்ன செய்வார். அவர் மனைவி எனக்கு இஞ்சி டீ கொடுத்து, “எங்க வூட்லயும் இதே கதைதான், வாங்கும்போது நான் சொன்னதக் கேக்கல” என்று ஆறுதல் சொன்னார். தலைமேல் இருந்த பாரம் ஒன்று கழிகிறதே என்ற சந்தோஷம் அந்தம்மா முகத்தில் ஒளிந்துகொண்டிருந்தது.

ஜீப்பு வீட்டுக்கு வந்தது. வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டதும் வீட்டுக்குள் அலமாரியில் இருந்த தட்டுகள் பேச ஆரம்பித்தன. கியர் கம்பி சாமி வந்த மாதிரி ஆடியது. கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ்ஸு நாலு பஸ்ஸாகத் தெரியும். உட்கார்ந்துகொண்டு பேசினால் குரல் நடுங்கும், ஏதோ துக்கச் செய்தி சொல்கிற மாதிரி. மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் வாயைத் திறந்த பானெட்டிலிருந்து புசுபுசுவென்று ஆவி வரும். தண்ணீர்க் குடம் ஒன்று எப்போதும் கூடவே பயணம் செய்தது. இதையெல்லாம் என் வீட்டுக்காரர் “பழகற வரைக்கும்தான்” என்று சொல்லி முடித்துவிடுவார். யார் பழக வேண்டும், வண்டியா நாமா என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

உதிரிப் பொருள் வாங்கப் போனால் இன்னொரு கூத்து. கடைக்காரர், “எந்த வண்டிக்கு?” என்று கேட்பார். இவர் விழிப்பார். ஜீப்பென்று சொல்லி வாங்கினால் எஞ்சினுக்குச் சேராது, வேனென்று சொல்லி வாங்கினால் சட்டத்துக்குச் சேராது. ஜங்ஷன் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அக்கா, சட்டம் ஒரு வண்டியோடது, எஞ்சின் ஒரு வண்டியோடது, கிளச்சு எந்த வண்டியோடதுன்னு எனக்கே தெரியல. இது வண்டி இல்லக்கா, கூட்டுக் குடும்பம். ஒண்ணுக்கொண்ணு முறைச்சிக்கிட்டே இருக்கும்.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போய்விட்டார். மெக்கானிக் பழைய டயரை வெட்டி எஞ்சினுக்கும் பட்டைக்கும் நடுவில் சொருகினார். “நல்ல பட்டை புதுசா அடிக்கணும்னா நாளாகும்க்கா. இது சும்மா ஒப்புக்கு. பாரம் ஏத்தாதீங்க, ரொம்ப தூரம் போவாதீங்க, போலீஸ்காரர் நிறுத்துனா எஞ்சின் நம்பரப் பாக்க வுடாதீங்க” என்றார். அப்படியென்றால் ஜீப்பை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது, மாலை போட்டுக் கும்பிடுவதா என்று கேட்டேன். அதுவும் செய்யலாம் என்றார்.

டயர்த் துண்டு வைத்த பிறகு ஆட்டம் கொஞ்சம் அடங்கியது போலத்தான் இருந்தது. அதை நம்பி முதல் லோடு ஏற்றினோம். என் தசாவதார செட்டு. பலகைத் தட்டுகளில் வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு பொம்மைக்கும் துணி சுற்றி, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி படுக்க வைத்தேன். அவர் மெதுவாகத்தான் ஓட்டினார், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த எஞ்சின் மெதுவாகப் போனால்தான் அதிகமாக உதறும். வேகமாகப் போனால் பள்ளம் உதறும். சூளையில் போய்த் துணியைப் பிரித்தேன்.

ராமருக்கு வில் இல்லை. கிருஷ்ணருக்குப் புல்லாங்குழலும் இல்லை, அதைப் பிடித்திருந்த கையும் இல்லை. பரசுராமர் கோடாலியை மட்டும் அனுப்பிவிட்டு வரவில்லை. மச்சமும் கூர்மமும் நீட்டிய கை கால் இல்லாததால் தப்பித்தன. பத்து அவதாரத்தில் முழுசாக வந்து சேர்ந்தது பாதிதான், அதிலும் நரசிம்மருக்கு ஒரு காது குறை.

நான் கத்தின கத்தலில் சூளையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். “கிண்ணுனு இருக்குதா? இப்பத் தட்டுங்க, எது கிண்ணுன்னு கேக்குதுன்னு பாப்போம்! ரெண்டு காதையும் வெச்சுக்கிட்டு பாய் சொன்னத மட்டும் கேக்கல!” என்று பிடித்துக்கொண்டேன். அவர் உடைந்த கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணியில் முடிந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. எதிர்த்துப் பேசினாலாவது சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம்.

சூளைப் பொறுப்பாளர் நல்ல மனுஷன். கொலுவுக்கு முன்னால் எங்களுக்கு இன்னொரு முறை ஒதுக்கித் தந்தார். “அதுதான் கடைசி. அதுக்கப்பறம் அகல் விளக்கு லோடு வரிசையா நிக்குது, கொலு முடிஞ்சுதான் உங்களுக்கு” என்றார். அதாவது, அந்த நாள் காலையில் பச்சைப் பொம்மை முழுசாகச் சூளைக்குள் போக வேண்டும். இல்லையென்றால் நான் திரும்பவும் பியூஸ் கேரியருக்குப் பிசிறு தட்டப் போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ராப்பகலாக உட்கார்ந்து மொத்த செட்டையும் திரும்பச் செய்தேன். என் வீட்டுக்காரர் கம்பெனி வேலை முடிந்து வந்து களிக்கூழ் கரைத்துக் கொடுப்பார், அச்சில் ஊற்றிக் கொடுப்பார். ஜீப்பைப் பற்றி ரெண்டு பேரும் வாயே திறக்கவில்லை. வெயில் அடித்தது, பொம்மைகள் நன்றாகக் காய்ந்தன. டெம்போ ஒன்று பேசி வைத்திருந்தோம். பாதை காய்ந்திருந்தால் வருகிறேன் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். கொண்டுபோக வேண்டிய நாளுக்கு முந்தின சாயந்திரம், ஆவணி மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

விடிந்ததும் டெம்போக்காரர் மெயின் ரோட்டிலேயே நின்று பாதையை எட்டிப் பார்த்துவிட்டு, “மன்னிச்சுக்கங்க” என்று போயே போய்விட்டார். வேறு வழியில்லை. ஜீப்பின் பின்பக்கம் எங்கள் வீட்டு இலவம் பஞ்சு மெத்தையை விரித்து, மேலே இன்னொரு மெத்தை, அதன் மேல் தட்டுகளை அடுக்கினோம். மறுபடியும் தூறினால் என்ன செய்வதென்று மேலே தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டினோம். எல்லாம் முடிந்து அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு உதறு உதறியது. ‘படார்’ என்று ஒரு சத்தம். தாங்கியிருந்த பட்டை ஒருபக்கம் அறுந்து, எஞ்சின் சாய்ந்து, காற்றாடி போய் ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

பொம்மைகளை எட்டிப் பார்த்தேன். இரண்டு மெத்தைக்கு மேல் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அவர் இறங்கி, சக்கரத்தில் சாய்ந்து, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“முடிஞ்சுது. என்னாலதான் எல்லாம்” என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “ஆமாம், உங்களாலதான்! எஞ்சினத் தவிர இந்த ஜீப்புல எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஸ்பிரிங்கு இருக்குது, டயர் இருக்குது, ஸ்டியரிங்கு இருக்குது. போங்க, போயி ரெண்டு மாட்டக் கட்டி இழுங்க! பாய் ஒரு எஞ்சின மாத்துனாரு, நீங்க இன்னொண்ணு மாத்துங்க!” என்று கத்தினேன்.

நான் சொன்னது ஏச்சு. சத்தியமாக யோசனை இல்லை. ஆனால் படார் சத்தம் கேட்டு வேலியோரம் வந்து நின்ற பக்கத்து நிலத்துக்காரர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். எனக்கு மாமா முறை. ஊரிலேயே நல்ல ஜோடி மாடு அவரிடம்தான் இருந்தது.

“ஏம்மா, நெசமாத்தான் சொல்றியா?” என்றார்.

“என்னா மாமா நீங்க வேற!”

“இல்லம்மா. என் டயர் வண்டில ஏத்துனா உன் பொம்மையெல்லாம் மாவாத்தான் போய்ச் சேரும், அதுல ஸ்பிரிங்கு கிடையாது. இதுல பட்டை பட்டையா ஸ்பிரிங்கு இருக்குது. எஞ்சின் உதறலும் இல்ல. நுகத்தடியோட ஏர்க்கால பம்பருல கட்டுனா மாடு கம்முனு இழுத்துட்டுப் போவும்.”

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குமேல் யோசிக்க நேரம் எங்கே இருந்தது?

மாட்டை மாமா ஓட்டினார். ஸ்டியரிங்கில் யார் உட்காருவது என்ற கேள்வி வந்தது. அதுவரைக்கும் அந்த ஸ்டியரிங்கை என் வீட்டுக்காரர் என்னைத் தொடக்கூட விட்டதில்லை. “நீ உக்காரு. இறக்கத்துல வண்டி மாட்டு மேல போயி முட்டாம பிரேக்க அமுத்தணும், அவ்வளவுதான். நான் முன்னாடி போயி பள்ளம் பாத்துச் சொல்றேன்” என்றார். நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டி ஓட்டினேன், அதுவும் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பு, எஞ்சின் ஓடாமல்.

சேற்றுப் பாதையை மாடுகள் ஒரு மூச்சில் தாண்டிவிட்டன. மெயின் ரோட்டில் ஏறியதும் எனக்கே ஆச்சரியம். சத்தமில்லை, நடுக்கமில்லை, ஆவி இல்லை. மாட்டு மணி மட்டும் கேட்டது. என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையைத் தூக்கி, “இடது பக்கம் ஒடி! மெதுவா! மெதுவா மாமா!” என்று குரல் கொடுத்தார். ஆழமான பள்ளமாக இருந்தால் ஓரத்து மண்ணைக் காலால் தள்ளி நிரப்பிவிட்டு நகர்வார். பின்னால் பஸ்ஸு வந்து ஹாரன் அடித்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே வந்தன. “என்னாக்கா, டீசல் வெலை ஏறிப்போச்சா?” என்று ஒருத்தன் கத்தினான். “உனக்கும் ஒரு ஜோடி வாங்கித் தரட்டுமா?” என்று நானும் கத்தினேன். நல்லவேளை, என் அம்மா வீட்டு ஆட்கள் யாரும் அந்த பஸ்ஸில் இல்லை.

ஊருக்குப் பக்கத்தில் ரோடு இறங்குகிற ஒரு இடத்தில்தான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மழை ஈரத்தில் ஜீப்பு தானாக உருண்டு மாடுகளை நெருங்கியது. பிரேக்கை அமுத்தினேன். பிடிக்கவில்லை. இன்னும் அமுத்தினேன். மாடு மிரண்டு இழுத்தால் எல்லாமே கவிழும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் ஓடி வந்து, மாட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் புகுந்து, ஏர்க்கால் பக்கத்தில் பானெட்டில் முதுகைக் கொடுத்துக் காலை ஊன்றி நின்றுவிட்டார். “அமுத்து! வுட்டு வுட்டு அமுத்து!” என்று கத்தினார். விட்டு விட்டு அமுத்தியதும் பிரேக்கு பிடித்தது. அவர் செருப்பு இரண்டும் பிய்ந்து ரோட்டில் கிடந்தன. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெறுங்காலோடு முன்னால் போய் நடக்க ஆரம்பித்தார். இவரையா இத்தனை நாள் திட்டினோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் எங்களைப் பார்த்ததும் நேராக வந்தார். எனக்கு மெக்கானிக் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. புக்கில் ஒரு எஞ்சின், உள்ளே ஒரு எஞ்சின், எனக்கோ லைசென்ஸே கிடையாது.

“என்னாம்மா இது? வண்டி என்னா வண்டி?” என்றார், மாட்டையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்து.

“ஜீப்பு சார். எஞ்சின் ஓடல. உள்ள பச்சைப் பொம்மை, சூளைக்குப் போவுது. அதிரக் கூடாது சார்.”

“எஞ்சின் ஓடலன்னா இப்ப இது மாட்டு வண்டியா, மோட்டார் வண்டியா?”

“நீங்களே சொல்லுங்க சார்” என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் உதட்டோரம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “எனக்கு மாட்டு வண்டிய நிறுத்தி புக்கு கேக்கற வேலை இல்ல. ஆனா எஞ்சின் போட்டுக்கிட்டுத் திரும்ப வந்தீங்கன்னா கேப்பேன்” என்றார். கேட் திறந்ததும் எதிர்ப்பக்க வண்டிகளைக் கையால் நிறுத்தி எங்களை முதலில் விட்டார். தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கும்போது இரண்டு பக்கமும் நின்ற ஜனம் கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அழுகை வந்துவிடக் கூடாதே என்று சிரித்தேன் என்றும் சொல்லலாம்.

சூளை வாசலில் தார்ப்பாயை அவிழ்த்துத் துணிகளைப் பிரித்தோம். ராமர் வில்லோடு இருந்தார். கிருஷ்ணர் கையும் குழலுமாக இருந்தார். பரசுராமரும் வந்திருந்தார். ஒரே ஒரு செட்டியார் பொம்மைக்கு மட்டும் தொப்பையில் சின்னக் கீறல், அது காயும்போதே வந்தது. என் வீட்டுக்காரர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

சூளையிலிருந்து பொம்மைகள் நல்லபடியாக வந்தன. வண்ணம் தீட்டிக் காய்ந்ததும், வாடகை வேனில் ஏற்றி, நல்ல ரோடு வழியாகப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். கடைக்கார அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி வாசப்படியை மிதிக்கவில்லை.

ஜீப்பை என்ன செய்தோம் என்றால், எஞ்சினைக் கழற்றி மாமாவுக்குக் கொடுத்துவிட்டோம். அவர் தரையில் சிமெண்டு மேடை கட்டி, அதில் உட்கார வைத்து, தண்ணீர் இறைக்கப் போட்டுக்கொண்டார். அங்கே அது ஒரு நாள்கூட முரண்டு பிடிக்காமல் ஓடியது. எஞ்சின்மேல் தப்பில்லை, போன இடம்தான் சரியில்லை. உடம்பைப் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப் போனார். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் நன்றாகச் சாப்பிட்டார்.

அடுத்த தடவை பாண்டிச்சேரிக்குப் போனபோது கடைக்கார அம்மா, அத்தனை பச்சைப் பொம்மையையும் உடையாமல் எப்படிச் சூளைக்குக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டார். நான் முழுக் கதையையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அதையே ஒரு பொம்மையா பண்ணிக் கொண்டாங்க. நல்லா விக்கும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் களிமண்ணை எடுத்து உட்கார்ந்தேன். ஜோடி மாடு, பக்கத்தில் மாமா, வாய் திறந்த பச்சை ஜீப்பு, ஸ்டியரிங்கில் சேலையைச் சொருகிய பொம்பளை, முன்னால் வெறுங்காலோடு ஒரு ஆம்பளை. அச்சு எடுப்பதற்கு முன்னால் அவரிடம் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார்.

“எல்லாம் சரி. இவன் கழுத்து எதுக்கு இப்படிப் பின்னாடி திரும்பியிருக்குது? பள்ளம் பாக்கறவன் ரோட்டப் பாக்க வேணாமா?”

“நீங்க அப்படித்தான் வந்தீங்க. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே.”

“பொம்மை என்னா ஆச்சோன்னு பாத்துட்டு வந்தேன்.”

“பொம்மை தார்ப்பாய்க்கு உள்ள இருந்துச்சு. முன்னாடி இருந்து பாத்தா நான் மட்டும்தான் தெரிவேன்.”

அவர் எழுந்து போய் களிக்கூழ் கரைக்க ஆரம்பித்தார். கழுத்தை நேராக்கச் சொல்லவில்லை.